முழங்கால் ஆழத்தில் நடந்தது: அண்டவடோகா கிராமமும் கடல் காக்க வந்த முக்குளிப்பாளர்களும்

2004 நவம்பரில், மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையிலுள்ள அண்டவடோகா என்னும் மீனவக் கிராமம் ஒரு முடிவெடுத்தது. ஊருக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் நோசி ஃபாசி என்ற மணல்திட்டை ஒட்டிய பாரில், ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்பில், அடுத்த ஏழு மாதங்களுக்கு யாரும் பேய்க்கணவாய் பிடிப்பதில்லை. ஆக்டோபஸைத்தான் நம் கடற்கரைகளில் பேய்க்கணவாய் என்கிறார்கள். கடலடிப் பாறைமேட்டுக்குப் பார் என்று பெயர். 2005 ஜூனில் அந்தப் பார் திறக்கப்பட்டது. சிறுமீன்பிடி பற்றிப் படிக்கிறவர்கள் இன்று எந்த நாட்டில் இருந்தாலும் அந்தத் திறப்பைப் பற்றிக் கேள்விப்படாமல் இருப்பது அரிது.

அதே ஊரில், அதே மாதங்களில், வேறொரு கூட்டமும் இருந்தது. பெரும்பாலும் ஐரோப்பியர், பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் முன்னரோ, கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் முன்னரோ ஓராண்டு இடைவெளி எடுத்துக்கொண்டவர்கள். சொந்தக் காசில் பறந்து வந்து, ஆறு வாரம் தங்குவதற்கும் உண்பதற்கும் பயிற்சிக்கும் கட்டணம் கட்டி, முதுகில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு பவளப்பாறைகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களை அழைத்து வந்தது, அலஸ்டர் ஹாரிஸ் என்ற இளம் உயிரியலாளர் 2003-இல் தொடங்கிய ப்ளூ வென்ச்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு.

அந்த இளைஞர்களின் ஆறு வாரங்களுக்கும் அந்தக் கடலில் நடந்த மாற்றத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதே இந்த ஆய்வின் கேள்வி. கேள்வியை எழுப்பியவள் என் அக்கா மகள். படிப்பை முடித்த கையோடு, "சித்தி, ஒரு வருடம் வெளிநாட்டில் போய் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு பவளப்பாறைப் பாதுகாப்பில் வேலை செய்யப் போகிறேன். என்னால் அங்கே ஏதாவது பயன் இருக்குமா?" என்று கேட்டாள். செலவு சில லட்சம் ரூபாய். வீட்டில் எல்லோரும் பாதுகாப்பைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் பயனைப் பற்றிக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மரியாதையான ஒரு பதில் தர வேண்டும் என்றுதான், இருபது ஆண்டுக் காலத் தடயம் உள்ள இந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

வேஸோக்களின் கடல்

அண்டவடோகாவுக்குப் போவது எளிதல்ல. தெற்கே துலியாரா நகரம், நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். ஆனால் மணல் தடத்தில் லாரியிலோ ஜீப்பிலோ போனால் ஒரு முழு நாள், சில சமயம் அதற்கும் மேல். வடக்கே மொரொம்பே என்ற சிறு நகரம். ஒரு பக்கம் முள்காடு, மறுபக்கம் மொசாம்பிக் கால்வாய். முள்காட்டு நிலத்தில் மழை மிகக் குறைவு, விவசாயத்தை நம்பி வாழ முடியாது. ஆகவே கடலே சோறு.

அங்கே வாழ்பவர்கள் வேஸோக்கள். பிறப்பால் மட்டும் ஒருவர் வேஸோ ஆவதில்லை. கடலில் படகு செலுத்தத் தெரிந்து, மீன் பிடிக்கத் தெரிந்து, கடலை நம்பி வாழ்பவர் எவரும் வேஸோ என்பது அவர்கள் எண்ணம். எடை குறைந்த மரத்தைக் குடைந்து, ஒரு பக்கம் மட்டும் மிதவை கட்டி, சதுரப் பாய் விரித்து ஓட்டும் அவர்களுடைய படகுக்கு லக்கா என்று பெயர். மீனைத் தேடி மாதக்கணக்கில் குடும்பத்தோடு கரையோரமாக இடம்பெயரும்போது அந்தப் பாயே இரவில் கூடாரமாகிவிடும்.

ஆண்கள் பாய் விரித்து வெளியே போக, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக வற்றும் நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் பார்மீது நடந்து போவார்கள். முழங்கால் அளவு நீர். கையில் கூர்முனை வைத்த கோல். பாறை இடுக்கில் பேய்க்கணவாய் இருக்கும் வளையைப் பார்த்தே கண்டுபிடித்து, குத்தி வெளியே இழுப்பார்கள். முன்பு அது வீட்டுக்கும், உலர்த்தி விற்பதற்குமான பொருளாக இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் துலியாராவின் ஏற்றுமதி வியாபாரிகள் ஐரோப்பியச் சந்தைக்காக இந்த ஊர்களுக்கே வந்து வாங்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டின் பெண், யாரையும் கேட்காமல், படகு இல்லாமல், அன்றன்றைக்கு ரொக்கம் பார்க்கும் தொழிலாக அது மாறியது. மாறிய வேகத்திலேயே பிடிபடும் உருப்படிகளின் அளவும் சிறுத்தது.

காசு வந்த வழி

ஒரு சாதாரணக் கடல் ஆய்வுத் திட்டத்துக்கு நன்கொடை நிறுவனங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பணம் தரும். அறிக்கை எழுதியதும் படகு கரையேறிவிடும். ஆராய்ச்சியாளர் ஊர்ப்பெரியவரின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் திட்டம் முடிந்திருக்கும். இடைவெளி ஆண்டு இளைஞர்களின் கட்டணம் இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது என்பது என் கணிப்பு. ஆறு வாரத்துக்கு ஒரு குழு, அது போனால் அடுத்தது. இந்தப் பணத்துக்கு யாரும் முன்கூட்டியே இலக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் விஞ்ஞானிகளும் உள்ளூர்ப் பணியாளர்களும் அந்த ஊரிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடிந்தது. எங்கே போனால் என்ன கேட்பார்கள், யாருடைய பேச்சு ஊரில் எடுபடும், எந்தத் திட்டில் கால் வைக்கக் கூடாது என்று முன்னோர் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிய அந்த அவகாசம் வேண்டியிருந்தது.

2004-இன் மூடல் ப்ளூ வென்ச்சர்ஸ் மட்டும் செய்த காரியமும் அல்ல. துலியாராவிலுள்ள கடலியல் ஆய்வுக்கழகத்துக்கும், வேறு பாதுகாப்பு அமைப்புகளுக்கும், வாங்கும் வியாபாரிகளுக்கும் அதில் பங்கு இருந்தது. எல்லோருக்கும் மேலாக, சரி என்று சொன்னது ஊர்.

நீருக்கடியில் ஒரு தன்னார்வலரின் வேலை

இங்கே சற்று நின்று பேச வேண்டும். விளம்பரப் படங்களில் ஆமையும் நீலநீரும் இருக்கும். வேலை வேறு மாதிரியானது.

முதல் கட்டம், நீருக்கடியில் அசையாமல் நிற்கக் கற்பது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சு, மேலே இழுப்பதைவிட இரண்டு மடங்கு காற்றைத் தின்கிறது. பதற்றமாக மூச்சு வாங்குபவரின் சிலிண்டர் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் தீர்ந்து, குழு முழுவதும் மேலேற வேண்டியிருக்கும். நெஞ்சில் காற்றைக் கூட்டினால் உடல் எழும், விட்டால் தாழும். அந்த மூச்சைக் கொண்டே ஒரு சாண் கூட ஏறாமல் இறங்காமல் மிதக்கப் பழக வேண்டும். பழகாதவர் முதலில் செய்வது பாறையைப் பிடிப்பது, அல்லது காலில் மாட்டிய துடுப்பால் உதைப்பது. கிளைவிடும் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் அளவில் வளரக்கூடியது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நான் கற்றுக்கொண்ட நாட்களில் என் துடுப்பு தட்டி விரல் நீளக் கிளை ஒன்று உடைந்து மணலில் விழுந்தது. அந்த வெள்ளை முறிவு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பவளத்தைக் காக்கப் போகிறவர் பவளத்தின் அருகே போவதற்கே முதலில் தகுதி பெற வேண்டும். நல்ல திட்டங்கள் இதற்காகவே முதல் சில வாரங்களைச் செலவிடுகின்றன. முதல் நாளே கையில் எழுதும் பலகையைக் கொடுத்துக் கணக்கெடுக்க அனுப்பும் திட்டத்தை நம்பாதீர்கள்.

அடுத்தது கண்ணைப் பழக்குவது. முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகின்றன. ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறம் மங்கிவிடுகிறது. புத்தகத்தில் சிவப்பாகப் பார்த்த மீன் அங்கே பழுப்பாக நிற்கும். நீளத்தை மதிப்பிடுவதில் வரும் பிழை சிறியதாகத் தோன்றலாம், விளைவு சிறியதல்ல. மீனின் எடை அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. 30 சென்டிமீட்டர் மீனை 33 என்று எழுதினால், பத்து விழுக்காட்டுப் பிழை எடைக் கணக்கில் முப்பத்து மூன்று விழுக்காடாகிவிடும். அதனால் அளவு தெரிந்த குழாய்த் துண்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நீளத்தையும் நீருக்கடியில் மதிப்பிட்டு எழுதச் சொல்வார்கள். மேலே வந்து சரிபார்ப்பார்கள். தேறும்வரை திரும்பத் திரும்ப நடக்கும்.

பிறகுதான் கணக்கெடுப்பு. உலகெங்கும் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் ரீஃப் செக் முறையை எடுத்துக்கொண்டால், பார்மீது ஒரே ஆழத்தில் 100 மீட்டர் அளவுநாடாவை விரிப்பார்கள். அதில் 20 மீட்டர் கொண்ட நான்கு பகுதிகள். ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்கு நேர் கீழே இருப்பது என்ன? உயிருள்ள பவளமா, அண்மையில் இறந்ததா, பாசியா, மணலா, உடைந்த சல்லியா? மொத்தம் 160 புள்ளிகள். நாடாவின் இருபுறமும் சேர்த்து ஐந்து மீட்டர் அகலத்தில் மீன்களை எண்ண வேண்டும். அடுத்த ஆண்டும் அதே இடம், அதே ஆழம், அதே கேள்விகள். ஒரே ஒரு நாளின் 160 புள்ளிகளால் எதுவும் தெரியாது. பத்து ஆண்டுகள் தொடர்ந்தால், ஒரு வெப்ப அலைக்குப் பின் பவளம் மீண்டதா, பாசி மூடிவிட்டதா என்று தெரியும். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன 1998-இன் பெருவெளிறலில் அடிபட்ட தென்மேற்கு மடகாஸ்கருக்கு இந்தத் தொடர்ச்சி மிகத் தேவையாக இருந்தது. 2013 பிப்ரவரியில் ஹருணா புயலும் இதே கரையைத்தான் தாக்கியது.

அனுபவமில்லாதவர் எடுக்கும் கணக்கை நம்பலாமா என்ற கேள்வி 1990-களிலேயே சோதிக்கப்பட்டது. பெலீஸ் நாட்டில் கோரல் கே கன்சர்வேஷன் அமைப்பின் தன்னார்வலர்களை வைத்தும், தான்சானியாவின் மாஃபியா தீவில் மீன் கணக்கெடுத்தவர்களை வைத்தும் ஆய்வுகள் வந்தன. பயிற்சி முக்குளிப்புகள் கூடக் கூட, தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது. எளிதில் அடையாளம் காணக்கூடியவற்றில் புதியவர்களை நம்பலாம், நுட்பமான இனப்பிரிப்பில் கவனம் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பெலீஸின் தடுப்புப் பவளப்பார் 1996-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதற்கு முன் அங்கே தன்னார்வலர்கள் செய்த கணக்கெடுப்புகளும் பயன்பட்டிருக்கின்றன. ஆகவே என் அக்கா மகளின் கேள்விக்கு முதல் பதில்: முறையாகக் கற்றால் அவளுடைய கண் உதவும்.

ஆனால் அண்டவடோகாவில் திருப்பத்தை உண்டாக்கியது நீருக்கடியில் எடுத்த கணக்கு அல்ல.

மூடலும் திறப்பும்

அந்தக் கடலில் கிடைக்கும் பேய்க்கணவாய் இனத்தின் ஆயுள் ஒன்றரை ஆண்டைத் தாண்டுவது அரிது. குஞ்சு பொரித்ததிலிருந்து அசுர வேகத்தில் வளரும். பெண் ஒரே ஒரு முறை முட்டையிட்டு, இரை தேடாமல் வளைக்குள் காவல் இருந்து, குஞ்சுகள் வெளியேறியதும் இறந்துபோகும். அண்டவடோகாவில் செய்த ஆய்வில் பெண் பேய்க்கணவாய்கள் சுமார் 2.2 கிலோ எடையை எட்டும்போதுதான் பாதி முதிர்ச்சி அடைந்திருந்தன. அரசு 2005-இல் விதித்த குறைந்தபட்ச அளவோ 350 கிராம். அந்த விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தாலும், முட்டையிடாத பெண் பேய்க்கணவாய்களைப் பிடித்து முடிக்க எந்தத் தடையும் இல்லை. அதே விதியில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரையிலான பருவத் தடையும் இருந்தது.

இவ்வளவு விரைவாக வளரும் உயிரை இரண்டு மூன்று மாதம் விட்டுவைத்தால் போதும், எடை கண்ணுக்குத் தெரியும்படி கூடிவிடும். பவளமீன்களில் இது நடக்காது. களவாய் இனங்களைக் காக்க ஆண்டுக்கணக்கில் பொறுக்க வேண்டும், அதுவரை அடுப்பெரிய வேறு வழி வேண்டும். ஒரு பருவத்திலேயே பலன் தெரியக்கூடிய உயிரிலிருந்து தொடங்கியதுதான் அண்டவடோகாவின் புத்திசாலித்தனம். மூடுவது என்றால் என்ன, திறப்பது என்றால் என்ன என்று ஊர் தன் கையால் தொட்டுப் பார்த்தது.

முதல் திறப்பு வெற்றி மட்டும் அல்ல. பிடிபட்டவற்றின் எடை கூடியிருந்தது. செய்தி பரவி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பாரை மொய்த்தார்கள். ஏழு மாதம் காத்திருந்த ஊருக்குத் தலைக்கு வந்த பங்கு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. மிதித்துப் புரட்டப்பட்ட பாறைகள் வேறு. வெளியார் நடத்திய திட்டமாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இங்கே பணியாளர்கள் ஊரை விட்டுப் போகவில்லை, ஊரும் கோபித்துக்கொண்டு விலகவில்லை. அடுத்தடுத்த ஊர்கள் தங்கள் பார்களையும் மூட முன்வந்தன. திறக்கும் நாளைப் பல ஊர்களும் ஒன்றாக வைத்துக்கொண்டால் கூட்டம் பிரிந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். மூடும் காலத்தைச் சுருக்கினார்கள். யார் பிடிக்கலாம், மீறினால் என்ன தண்டம் என்பதை டினா என்ற ஊர்ச்சட்டமாக எழுதினார்கள். மடகாஸ்கரில் டினா பழைய வழக்கம். கூட்டத்தில் பேசி ஒப்புக்கொண்ட வாக்கு. முறைப்படி பதிவு செய்தால் நீதிமன்றமும் அதை ஏற்கும்.

நம் முத்துக்குளிப்பும் ஒருவகையில் இதே வழியில் நடந்ததை இங்கே நினைத்துக்கொண்டேன். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் முதலில் குளியாளிகளை இறக்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, விளைந்திருந்தால் மட்டுமே அந்த ஆண்டு பாரைத் திறந்தார்கள். ஆனால் திறக்கும் அதிகாரம் குளியாளிகளிடம் இருக்கவில்லை, அரசிடம் இருந்தது. அண்டவடோகாவில் அது பார்மீது நடப்பவர்களிடம் வந்தது.

தராசு யார் கையில்

2004 முதல் 2011 வரை நடந்த 36 மூடல்களை அலசிய ஆய்வு 2015-இல் ப்ளாஸ் ஒன் இதழில் வெளியானது. திறந்த பின் வந்த 30 நாட்களை, மூடுவதற்கு முந்தைய 30 நாட்களோடு ஒப்பிட்டார்கள். மூடித் திறந்த பார்களில் பிடித்துக் கரைசேர்த்த பேய்க்கணவாயின் மொத்த அளவு சராசரியாக 718 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது எட்டு மடங்கு. ஒரு ஆள் ஒரு நாளில் பிடித்தது 87 விழுக்காடு கூடியது. ஊருக்கு இந்தத் தொழிலில் கிடைத்த வருமானம் இரண்டு மடங்குக்கும் மேலானது. பார் மூடியிருந்த நாட்களில் ஊரின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவில் விழவில்லை. ஊரின் பிடிதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மூடியதால் மற்ற இடங்களில் பிடிக்க முடிந்தது. 36-இல் 27 மூடல்கள் லாபம் தந்தன.

முதல் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மொத்தம் எட்டு மடங்கு, ஆளுக்கு இரண்டு மடங்குக்கும் குறைவு. இடைவெளி எங்கே போனது? கூடுதலாக வந்து பிடித்தவர்களின் கைகளுக்கு. முதல் திறப்பில் ஊர் கண்ட உண்மை, எட்டு ஆண்டுகளின் எண்களிலும் அப்படியே இருக்கிறது. லாபம் தராத ஒன்பது மூடல்களையும் மறக்கக் கூடாது. வெற்றிக் கதை சொல்பவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒன்பது பருவங்களில் விட்டுக்கொடுத்தவை மீனவப் பெண்களின் நாட்கூலி.

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதுதான் எனக்கு முக்கியம். முதுகில் சிலிண்டர் கட்டிய யாரும் இவற்றை எடுக்கவில்லை. பார் வற்றும் நாளில் பெண்கள் கரையேறும் இடத்தில், உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் தராசோடு நின்று, ஒவ்வொன்றாக எடை போட்டு, எந்தப் பாரில் பிடித்தது என்று கேட்டு எழுதினார். வாங்க வந்த வியாபாரியின் கணக்கும் சேர்ந்தது. உலகம் மேற்கோள் காட்டும் அந்த ஆய்வின் அடித்தளம் மணலில் நின்ற ஒரு தராசு. மாற்றமும் அவ்வாறே முழங்கால் ஆழ நீரில் நடந்தது. அங்கே துடுப்பும் முகமூடியும் தேவைப்படவில்லை.

அப்படியானால் இளைஞர்களின் முக்குளிப்பு வீணா? இல்லை. அவர்கள் கட்டிய பணம் தராசைப் பிடித்தவருக்குச் சம்பளமாகியது, எட்டு ஆண்டுகள் இடைவெளியின்றி எடை போடச் செய்தது. குறுகிய கால மூடல்கள் தந்த துணிவில் ஊர்கள் நிரந்தரமாக மீன்பிடி விலக்கிய இடங்களைக் குறித்தபோது, எந்தப் பாரில் எவ்வளவு பவளம், எவ்வளவு மீன் என்பதை அறிய நீருக்கடியில் எடுத்த கணக்கு தேவைப்பட்டது. அண்டவடோகாவுக்கு வந்த ஓர் இளைஞர் செய்த மிகப்பெரிய உதவி, மீனை எண்ணியதைவிட, அங்கே இருப்பவர்கள் தொடர்ந்து அங்கேயே இருக்க வழிசெய்தது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் நடத்தையில் பெரிய வேறுபாடு இருக்கும்.

கிளைத்தவை

2006-இல் சுற்றியுள்ள சுமார் 25 ஊர்கள் சேர்ந்து வெலொண்ட்ரியாக்கே என்ற கடற்பகுதியைத் தங்கள் நிர்வாகத்தில் கொண்டுவந்தன. கடலோடு வாழ்வது என்று அந்தப் பெயருக்குப் பொருள். 640 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. 2012-இல் மடகாஸ்கர் முழுவதிலுமுள்ள இத்தகைய கடற்பகுதிகளின் கூட்டமைப்பாக மிஹாரி உருவானது. அதே ஆண்டு மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவிலும் பேய்க்கணவாய் மூடல் தொடங்கியது. அதற்கு முன் அந்தத் தீவின் மீனவர்கள் மடகாஸ்கருக்கு வந்து பார்த்துப் போயிருந்தார்கள். மீனவர் சொல்லி மீனவர் நம்பியது நடந்தது.

2007-இல் வேறொரு திசையிலும் ஒரு கிளை விட்டது. கடலைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் பெண்கள் குழந்தைப்பேற்றைப் பற்றிப் பேசினார்கள். கருத்தடைச் சாதனம் வேண்டுமென்றால் மொரொம்பேக்குப் போக வேண்டும்; காற்று வாய்த்தால் படகு, இல்லாவிட்டால் வெயிலில் நடை. எனவே அண்டவடோகாவிலேயே ஒரு மருத்துவமனை அறை திறக்கப்பட்டது. பிறகு ஊருக்கு ஊர் பெண்களே பயிற்சி பெற்று மருந்து கொண்டு சென்றார்கள். சஃபிடி, அதாவது தேர்வு, என்பது அந்தத் திட்டத்தின் பெயர். கடல் பாதுகாப்புக்கு வந்த அமைப்பு இதைச் செய்ய வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் ஐயமே இல்லை. பார்மீது நடக்கும் பெண்ணின் உடல்நலத்தைக் கேட்காமல் பாரின் நலத்தை மட்டும் கேட்பது எப்படி நியாயமாகும்?

வருகை நின்றால்

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 மார்ச்சில் மடகாஸ்கரில் ஆட்சி கவிழ்ந்தது. சுற்றுலாப் பயணிகள் வரத்து சரிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாட்டின் எல்லைகளே மூடப்பட்டன. காசு கட்டி வரும் இளைஞர்களை மட்டும் நம்பி ஒரு பாதுகாப்புப் பணி நின்றிருந்தால், அந்த மாதமே தராசும் நின்றிருக்கும். இதற்குள் ஊர்களிடம் தங்கள் சட்டமும், தங்கள் சங்கமும், வேறு வழிகளில் வரும் நிதியும் இருந்ததால்தான் மூடலும் திறப்பும் வெளியார் வருகையைச் சார்ந்திராத வழக்கமாகியிருந்தன. தன்னார்வலர் பணம் முதல் சில ஆண்டுகளுக்கான ஏணி. ஏறிய பின்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும் திட்டங்களை வேறு நாடுகளில் நான் பார்த்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அங்கே பயிற்சியாளர் வெளிநாட்டவர், படகோட்டி மட்டும் உள்ளூர்க்காரர். கணக்கெடுத்த தாள்கள் எந்த ஊர்க்கூட்டத்திலும் வாசிக்கப்பட்டதில்லை.

உடல் சார்ந்த ஆபத்தையும் குடும்பங்கள் கேட்கத்தான் வேண்டும். தொடக்கப் பயிற்சி பெற்றவருக்கு எல்லை 18 மீட்டர். மெதுவாக ஏற வேண்டும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இவை எங்கும் பொது. மணல் தடத்தில் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் ஊரில் இதே விதிகளை இன்னும் இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டினால் தேவைப்படும் அழுத்த அறை அருகில் இருக்காது. உயிர்வாயு உருளை படகில் இருக்கிறதா, அவசரத்தில் எந்த வழியாக எத்தனை மணி நேரத்தில் வெளியேற்றுவார்கள் என்று கேட்டால் நல்ல திட்டத்தினர் கோபப்பட மாட்டார்கள். எழுதியே அனுப்புவார்கள்.

அக்கா மகளுக்கு

இதையெல்லாம் அவளிடம் இரண்டு மாலைகள் உட்கார்ந்து சொன்னேன். அவள் தன் பட்டியலில் இருந்த மூன்று திட்டங்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதினாள். உங்கள் ஊரில் மீனை எடை போடுபவர் யார், எத்தனை ஆண்டுகளாகப் போடுகிறார், அவருக்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது, நான் எடுக்கும் கணக்கு எந்த மொழியில் யாருக்கு வாசிக்கப்படும் என்று நான்கு கேள்விகள்.

ஒரு திட்டத்திலிருந்து மறுநாளே பதில் வந்தது, கட்டணம் கட்ட வேண்டிய தேதியும் ஆமைப் படமும். இன்னொன்று பதில் தரவில்லை. மூன்றாவதிலிருந்து ஒன்பது நாள் கழித்து, அந்தத் தீவின் பெண் ஒருவர் எழுதியிருந்தார். எடை போடுவது தானும் தன் தங்கையும் என்றும், ஆறு ஆண்டுகளாகப் போடுகிறோம் என்றும், வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் கடலில் இறக்குவதில்லை, தங்கள் மொழியில் மீன்பெயர்களைக் கற்றுக்கொண்டு கரையில் உட்கார்ந்து எழுத வைப்போம் என்றும் சொல்லியிருந்தார். கடிதத்தின் கடைசியில் நாற்பது மீன்பெயர்களை ஒலி புரியும்படி எழுதி, வருவதற்கு முன் மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்.

அவள் அந்தத் தாளை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். காலையில் நீச்சல் குளத்துக்குப் போகுமுன் பத்துப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். அக்காவுக்கும் அவற்றில் பாதி மனப்பாடமாகிவிட்டது.